ஜூன் பத்தொன்பதின் கிழமை

காலண்டர் அடித்தே வயிறு வளர்க்கிற ஊர் அது. தமிழ்நாட்டில் எந்த வீட்டுச் சுவரில் எந்த நாள் விடிந்தாலும் அது அதற்கு முந்தின ஆடியிலேயே அந்த ஊரில் மசியில் விடிந்திருக்கும், ராகுகாலமும் எமகண்டமும் சூலமும் அங்கேதான் அச்சாகித் தகரப்பட்டை மாட்டிக்கொண்டு லாரி ஏறும், ஆகவே அந்த ஊரில் ஒரு தேதிக்குக் கிழமை இல்லாமல் போனபோது யாரும் அதை அதிசயம் என்று சொல்லவில்லை, அச்சுப்பிழை என்றுதான் சொன்னார்கள்.

அந்தத் தேதியைக் கண்டெடுத்தவள் பெனிட்டா. கான்வென்டில் படித்தவள், அங்கே காலையில் சிஸ்டர் வகுப்புக்குள் வருமுன் கரும்பலகையின் மூலையில் தேதியையும் கிழமையையும் எழுதிவைக்க வேண்டும், எழுதாவிட்டால் நாளே தொடங்காது என்று சிஸ்டர் சொன்னதை அப்படியே நம்பிவிட்டவள். பிறகு கம்ப்யூட்டர் படித்து, டேவிட்சனுக்குக் கழுத்தை நீட்டி, காலண்டர் ஊருக்கு வந்து, போன ஜூன் பத்தொன்பதில் ஆரோனைப் பெற்று, அவனை மடியில் போட்டுக்கொண்டே பொன்னுச்சாமி அண்ணாச்சியின் பிரஸ்ஸுக்கு வேலை பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஈஸ்டர் முடிந்த கையோடு அண்ணாச்சி அவளைக் கூப்பிட்டுவிட்டார்.

"இந்தாம்மா, இப்பல்லாம் எவன் தாளைக் கிழிக்கான்? எல்லாம் செல்லுதான். பொறந்த தேதியைப் போட்டா கிழமை சொல்லணும், கிழமைக்குக் கீழ பலன் சொல்லணும், பலனுக்குக் கீழ நம்ம கஸ்டமர் கடை விளம்பரம் வரணும். ஆடிப்பெருக்குக்கு அடுத்த வருசத்துக் காலண்டர் மாதிரியெல்லாம் சேத்து ஆல்பம் போடுறப்ப இதையும் சேத்து விட்டுருவோம். முடியுமா?"

"அது சின்ன வேலைதான் அண்ணாச்சி."

சின்ன வேலைதான். எங்கோ ஒரு தொடக்க நாளை முளையடித்துக்கொண்டு, அதிலிருந்து கேட்ட தேதிவரை நாட்களை எண்ணி, ஏழால் வகுத்து, மிச்சம் என்ன என்று பார்க்க வேண்டும். மிச்சம் பூஜ்யமானால் ஞாயிறு, ஒன்றானால் திங்கள், அவ்வளவுதான் கிழமை என்பது, ஏழால் வகுத்தபின் கையில் ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்சம். ஆரோன் தூங்கி எழுவதற்குள் புரோகிராமை எழுதிவிட்டாள். எழுதியதைச் சோதிக்கத் தெரிந்த தேதிகளைப் போட்டாள். சுதந்திரம் வந்த நாளைப் போட்டாள், வெள்ளி என்றது. தன் கல்யாண நாளைப் போட்டாள், திங்கள் என்றது. அப்புறம், எல்லாத் தாய்மாரும் போடுவதுபோல், பிள்ளையின் தேதியைப் போட்டாள்.

ஒன்றும் வரவில்லை.

பூஜ்யமோ என்று பார்த்தாள். பூஜ்யம் இல்லை, பூஜ்யத்துக்கும் ஓர் உருவம் உண்டு, இது வெறும் இடம். முந்தின நாளைக் கேட்டாள், செவ்வாய் என்றது. மறுநாளைக் கேட்டாள், புதன் என்றது. செவ்வாயும் புதனும் தோளோடு தோள் உரசிக்கொண்டு உட்கார்ந்திருக்க, ஜூன் பத்தொன்பது மட்டும் பஸ்ஸில் சீட்டு கிடைக்காத ஆள்போல் இரண்டுக்கும் நடுவே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது. எழுதியதை அழித்துவிட்டு வேறு வழியில் எழுதிப் பார்த்தாள், அடுத்த வீட்டு லேப்டாப்பை இரவல் வாங்கி அதிலும் ஓட்டிப் பார்த்தாள். மற்ற எல்லாத் தேதியும் ஒழுங்காகப் பதில் சொன்னது. அது மட்டும் வாய் திறக்கவில்லை.

சாயங்காலம் டேவிட்சன் சட்டையைக் கழற்றுமுன்பே கேட்டாள்.

"ஆரோன் பொறந்தது என்ன கிழமைங்க?"

"செவ்வாய்," என்றான் அவன், கண்ணை இமைக்காமல். "மதுரைக்குப் பேப்பர் லோடுக்குப் போயிட்டுப் பாதியில ஓடி வந்தேனே, அன்னைக்கித்தான்."

அவன் யோசிக்கவே இல்லை என்பதுதான் பெனிட்டாவுக்கு உறுத்தியது. கல்யாண நாளைக் கேட்டால் விரல்விட்டு எண்ணுகிறவன், காலையில் என்ன சாப்பிட்டோம் என்பதற்கே முழிக்கிறவன், இதற்கு மட்டும் பதிலை நாக்கின் நுனியில் வைத்துக்கொண்டு திரிந்ததுபோல் அல்லவா சொல்கிறான்?

மாமியார் சொர்ணபாய் அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தாள். "அவன் கெடக்கான். ஞாயித்துக்கெழம. கோயிலுக்குப் போகாம அன்னைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவுல கெடந்தேன். ஆண்டவர் மன்னிக்கணும்னு ஜெபம் பண்ணினேனே."

"ஞாயித்துக்கிழமை யாராவது ஆபரேசனுக்கு நாள் குறிப்பாங்களா அத்தை?"

"ஏன், ஞாயித்துக்கெழம வயிறு திறக்காதோ?"

நாள் குறித்ததே இந்த வீட்டில் ஒரு பெரிய கதை. ராகுகாலத்தை நம்பாத குடும்பம்தான், ஆனால் ராகுகாலத்தில் வாசற்படி தாண்டாத குடும்பம். ஆபரேசன் என்று டாக்டர் சொன்னதும், ஆளுக்கொரு கிழமையைப் பிடித்துக்கொண்டு இழுத்தார்கள். சொர்ணபாய் ஜெபக்கூட்டத்துக்கு என்று கிளம்பிப்போய்ப் பக்கத்து ஊர் ஜோசியரிடம் நேரம் கேட்டுவந்தது எல்லாருக்கும் தெரியும், கேட்டுவந்ததாக யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. யார் இழுத்த கிழமையில் பிள்ளை வந்தது என்பது பெனிட்டாவுக்குத் தெரியாது. பச்சைத் திரை, தலைக்குமேல் வட்ட விளக்கு, ஓர் அழுகை. அவளிடம் இருந்தது அவ்வளவுதான். ஆஸ்பத்திரி நர்சுக்குப் போன் போட்டாள். "வெள்ளிக்கிழமைம்மா, நல்லா ஞாபகமிருக்கு," என்றாள் நர்ஸ், அவளும் யோசிக்காமல். அன்றைக்குப் பெனிட்டா பிள்ளையை வெளிச்சத்துக்குத் தூக்கிப்போய், காது மடலுக்குப் பின்னால் இருந்த மச்சத்தைத் தொட்டுப் பார்த்து, அதேபோன்ற மச்சத்தைத் தன் காதுக்குப் பின்னாலும் தடவிப் பார்த்துக்கொண்டாள். இரண்டும் இருந்தன. இருந்தும் இன்னொரு தரம் பார்த்தாள்.

விஷயம் பிரஸ்ஸுக்குப் போனது. அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். போன வருசத்துக் காலண்டரை இறக்கிப் பார்த்தார், அந்தத் தாளிலும் கிழமை அச்சாகிற இடம் வெறும் இடமாகத்தான் இருந்தது.

"இது எங்க பிரஸ்ல வந்த தப்பு இல்லம்மா. அன்னைக்குச் சனிக்கெழம. சம்பள நாளு. நான் கல்லாவுலதான இருந்தேன்."

"என்ன அண்ணாச்சி பேசுறீங்க," என்றார் பைண்டிங்கில் தகரம் அடிக்கும் காசிம் பாய். "அன்னைக்கு ஜும்மாவுக்குப் போயிட்டு வந்துதான் பிள்ளை பொறந்திச்சுன்னு உங்ககிட்ட மிட்டாய் வாங்கினேன்."

"மிட்டாய் தந்தது வாஸ்தவம். கெழம சனி."

தாள் அடுக்குகிற சரோஜாக்காள் வியாழன் என்றாள். மிசின்மேன் திங்கள் என்றான். கோட்டையடியில் கறிக்கடை வைத்திருந்தவர் ஞாயிறு என்று சொல்லி, அன்றைக்கு அறுத்த கிடாயின் நிறத்தையும் சொன்னார். புதன் என்று சொல்லவும் ஒரு தெரு இருந்தது. ஊர் முழுவதும் அந்த நாளை வாழ்ந்திருந்தது, ஆனால் ஆளுக்கொரு கிழமையாக வாழ்ந்திருந்தது, சம்பளம் வேண்டியவன் சனியாகவும் தொழுகைக்குப் போனவன் வெள்ளியாகவும் கறி தின்றவன் ஞாயிறாகவும், ஒரே வெயிலில், ஒரே தெருவில், ஒருவரையொருவர் இடித்துக்கொள்ளாமல். துபாயிலிருந்த யாரோ ஒருவரின் மச்சான் போனில் சிரித்தான். "எங்க ஊர்ல அதுக்குக் கிழமை இருந்திச்சே."

"உங்க ஊர்ல இருக்கும்ல," என்று சொல்லி வைத்துவிட்டார்கள்.

ஒரு வாரம் சண்டை போட்டார்கள். அப்புறம் ஊர் அந்த நாளை எதற்குப் பயன்படுத்தலாம் என்று கண்டுபிடித்துக்கொண்டது.

முதலில் கண்டுபிடித்தது ஒரு டீக்கடைக்காரர். விரத நாளில் முட்டை தின்றதைப் பெண்சாதி தெரிந்துகொண்டு ஆடியபோது, "அது ஜூன் பத்தொன்பதுடி, அன்னைக்குத்தான் கிழமையே இல்லையே" என்றார், அவள் ஆட்டத்தை விட்டுவிட்டுத் தோசைக்கல்லைப் போட்டாள். அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் வீட்டுக்குப் போய்த் தங்கள் கணக்கையும் அதே நாளில் ஏற்றினார்கள். இரண்டு நிலத்துக்கு நடுவே இருந்த எல்லைக்கல் ஒரு முழம் நகர்ந்தது எப்போது என்று கேட்டால் ஜூன் பத்தொன்பது. ஊர்க்கிணற்று மோட்டார் காணாமல் போனது ஜூன் பத்தொன்பது. எதிர்வீட்டு நாய்க்கு யார் விஷம் வைத்தது, கல்யாணம் நிச்சயமான பெண்ணின் பெயருக்கு யார் மொட்டைக் கடிதம் போட்டது, ஊருக்கு வெளியே இன்னொரு குடித்தனம் எப்போது தொடங்கியது, எல்லாம் ஜூன் பத்தொன்பது. அதற்கு முன்னும் பின்னும் நடந்தவையும் மெல்ல மெல்ல நகர்ந்துவந்து அந்த ஒரே நாளுக்குள் இறங்கிக்கொண்டன. மற்ற நாளெல்லாம் கழுவிவிட்டதுபோல் சுத்தமாயிற்று, அந்த நாள் மட்டும் வாய் கட்டமுடியாத சாக்குபோல் பிதுங்கியது. ஊரில் சண்டை குறைந்தது. எல்லாரும் எல்லாரையும் பார்த்துச் சிரித்தார்கள். பெனிட்டா மட்டும் தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து யோசித்தாள்: ஊரே தன் குப்பையைக் கொட்டுகிற நாளில்தானே என் பிள்ளை பிறந்திருக்கிறான், எல்லாருக்கும் அது குப்பை போடுகிற இடம், இவனுக்கு அது பிறந்த வீடு.

அவள் இன்னொன்றையும் கவனித்திருந்தாள். அந்த நாளுக்குக் கிழமை வைத்திருந்தவர்கள் எல்லாரும் அதை யோசிக்காமல் சொன்னார்கள். யோசிக்காமல் சொன்னவர்கள் எல்லாரிடமும் அந்த நாளில் மறைக்க ஏதோ ஒன்று இருந்தது. செவ்வாய்க்குள் டேவிட்சன் எதை வைத்திருக்கிறான் என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவானோ என்று பயமாக இருந்தது. ஊரில் கிழமையே இல்லாமல் அந்த நாளை வைத்திருந்தவர்கள் இரண்டே பேர், அவளும் பிள்ளையும்.

மே மாதக் கடைசியில் ஆட்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். பழக்கமில்லாதவர்கள்கூட வந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் பால்கோவா கொண்டுவந்தார்கள்.

"குட்டிப்பய எப்படியிருக்கான்? பேசுறானா?"

"இல்லைங்க, இப்பத்தான் சுவரைப் பிடிச்சு நிக்கிறான்."

"நிக்கது கெடக்கட்டும். பேசுறானா?"

நடக்கிறானா என்று ஒருவரும் கேட்கவில்லை. பல் முளைத்ததா, இரவில் தூங்குகிறானா என்று கேட்கவில்லை. கறிக்கடைக்காரர் பிள்ளையின் கன்னத்தை அழுத்தி, வாய் திறந்ததும் உள்ளே எட்டிப் பார்த்தார், மாட்டுச் சந்தையில் பார்ப்பதுபோல. எல்லைக்கல்லை நகர்த்திய நிலத்துக்காரர் ஒரு விரல் நிறையப் பால்கோவாவை எடுத்துப் பிள்ளையின் மேலண்ணத்தில் அப்பிவிட்டு, "நல்லா ஒட்டிக்கிடும்" என்றார். டேவிட்சன்கூட வேலை முடிந்து வந்தால் செருப்பைக் கழற்றுமுன் கேட்டான்: "ஏதும் சொன்னானா?"

ஒருநாள் மத்தியானம் சரோஜாக்காள் வந்தாள், வெறுங்கையோடு. பிள்ளையின் காலைப் பிடித்து ஆட்டிக்கொண்டே சொன்னாள்.

"தாயி, ஒனக்கு இன்னுமா வெளங்கல? அந்த நாளுல நெசமா நடந்தது ஒண்ணே ஒண்ணுதான், அது ஒம் மவன். மத்ததெல்லாம் நாங்க கொண்டு போய்ப் போட்டது. அவன் அங்கருந்து வந்தவன். அங்க என்னென்ன கெடக்குன்னு பாத்திருப்பான்ல? வாயத் தொறந்தா எதச் சொல்லுவானோன்னு ஊரே வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டுத் திரியுது."

"அக்கா, அவன் பச்சப்பிள்ளைக்கா."

"பச்சப்பிள்ளைக்குத்தான் எதை மறைக்கணும்னு தெரியாது."

"நீங்களும் பயப்படுறீங்களாக்கா?"

சரோஜாக்காள் காலை ஆட்டுவதை நிறுத்தினாள். "எனக்கு வியாழக்கெழமம்மா," என்றாள், அவ்வளவுதான் சொன்னாள், எழுந்து போய்விட்டாள்.

அதற்குப் பிறகு பெனிட்டா பிள்ளையை யார் கையிலும் கொடுக்கவில்லை. வந்த பால்கோவாவை எல்லாம் முகர்ந்து பார்த்துக் கொல்லையில் கொட்டினாள்; எறும்புகள் மொய்க்கின்றனவா, மொய்த்த எறும்புகள் நடக்கின்றனவா என்று குத்தவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடந்தன. ஆனாலும் பிள்ளைக்குக் கொடுக்கவில்லை. குளிக்கப் போனால் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு குளித்தாள். மாமியார் தாலாட்டினால் பாட்டுக்குள் என்ன வார்த்தை இருக்கிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள்.

அண்ணாச்சி கூப்பிட்டுவிட்டார். அறைக்குள் அவரோடு இன்னும் சிலர் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஒரு வரி எழுதும்மா. ஜூன் பத்தொன்பதுன்னு கேட்டா சனின்னு சொல்லச் சொல்லு. முடிஞ்சுபோச்சு."

"சனி எப்படி?" என்றார் கறிக்கடைக்காரர். "ஞாயிறுன்னு போடுங்க."

"பாய் வெள்ளிங்கார், நீரு ஞாயிறுங்கீரு. புள்ளைக்குப் பெத்தவதான் கெழம வைக்கணும். அவ வைக்கட்டும்," என்றார் அண்ணாச்சி.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். ஒரு வரி எழுதுவது ஒன்றும் பெரிய காரியமில்லை; ஆனால் எந்தக் கிழமையை எழுதினாலும் அந்தக் கிழமைக்காரன் ஒருவன்தான் தப்பிப்பான், மற்ற ஆறு கிழமைக்காரர்களும் ஒரே நிமிடத்தில் பொய்யர்களாகி, நேராகத் தன் வீட்டுத் தொட்டிலைத் தேடி வருவார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது.

"எனக்கு ஞாபகமில்ல அண்ணாச்சி," என்றாள்.

"பெத்தவளுக்கு ஞாபகமில்லையா?" என்று கேட்டு அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த ஊரில் கிழமை இல்லாத ஒருத்தியை எப்படி நம்புவது என்று அவருக்கும் தெரியவில்லை.

ஆரோனுக்கு வயது ஒன்று நிறைகிற நாள் வந்தது. சொர்ணபாய் ஸ்தோத்திர ஜெபம் ஏற்பாடு செய்திருந்தாள். சொந்தத்துக்கு மட்டும்தான் சொன்னார்கள், ஊரே வந்தது. பிரஸ்ஸை மூடிவிட்டு அண்ணாச்சி வந்தார், காசிம் பாய் வந்தார், கறிக்கடைக்காரர் வந்தார், எல்லைக்கல்காரரும் மோட்டார்காரரும் நாய்க்காரரும் வந்தார்கள், இடம் போதாமல் வாசலிலும் ஜன்னலிலும் மாடிப்படியிலும் நின்றார்கள், வந்த எல்லாருடைய கையிலும் பால்கோவா டப்பா இருந்தது. பாஸ்டர் ஜெபம் செய்தார். யாரும் கண்ணை மூடவில்லை. ஆமென் சொல்லும்போதுகூட அத்தனை கண்ணும் பிள்ளையின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

பெனிட்டா அவனை இடுப்பில் இறுக்கிவைத்திருந்தாள். பந்தலிலிருந்து பிரியாணி மணம் வந்தது, பிள்ளை அந்தப் பக்கம் திரும்பினான், கூட்டத்தைப் பார்த்தான். ஒவ்வொரு முகமாகப் பார்த்தான், தெரிந்தவர்களைப் பார்ப்பதுபோல் நிதானமாகப் பார்த்தான். டேவிட்சன் முகத்துக்கு வந்தபோது பிள்ளையின் கை நீண்டது, விரல் நீண்டது. மூச்சை உள்ளே இழுத்தான்.

கூட்டத்தில் ஓர் அசைவு. முன்வரிசையில் யாரோ டப்பாவின் மூடியைத் திறந்தார்கள்.

அந்த நேரத்தில் பிள்ளையின் வாயைப் பொத்தியது ஊரில் வேறு யாருடைய கையும் இல்லை. பெனிட்டாவின் கைதான். அதை அவளே பார்த்துக்கொண்டு நின்றாள், வேறு யாரோ செய்வதைப் பார்ப்பதுபோல. உள்ளங்கைக்குள் பிள்ளையின் உதடு அசைந்தது, சுடச்சுட ஒரு சொல் வந்து பட்டது, ஈரமாகப் பட்டது, அப்புறம் அடங்கியது.

"என்ன சொன்னான்?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"என்ன சொன்னான்?" என்றது ஜன்னல். "என்ன சொன்னான்?" என்றது மாடிப்படி. டேவிட்சன் மட்டும் கேட்கவில்லை.

அம்மா என்று சொல்ல உதடு இரண்டும் ஒருதரமாவது ஒட்ட வேண்டும். அவள் உள்ளங்கைக்குள் அவை ஒட்டவே இல்லை. அது பெனிட்டாவுக்குத் தெரியும், அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"அம்மான்னான்," என்றாள்.

ஊர் மூச்சுவிட்டது. "அம்மாவா! அம்மான்னுட்டான் பயபுள்ள!" என்று சிரித்தார்கள், ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொண்டார்கள், கறிக்கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாத்தீரா, எல்லாப் புள்ளையும் போலத்தான்," என்று காசிம் பாய் அண்ணாச்சியிடம் சொன்னார். பந்தி போட்டார்கள். பால்கோவா டப்பாக்களைத் திறந்து தாங்களே தின்றார்கள். அன்றைக்குப் பிறகு யாரும் வந்து பேசினானா என்று கேட்கவில்லை; நடக்கிறானா என்று கேட்டார்கள், பல் எத்தனை என்று கேட்டார்கள். சரோஜாக்காள் மட்டும் போகும்போது பெனிட்டாவின் வலது கையை எடுத்து, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, விரல்களை மடக்கி மூடிவிட்டுப் போனாள்.

ஆடிப்பெருக்குக்கு ஆல்பம் போட்டார்கள், புரோகிராமையும் சேர்த்து விட்டார்கள். இரண்டு நாள் கழித்து அண்ணாச்சி செல்லைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"என்னம்மா இது, போன வருசத்து ஜூன் பத்தொன்பதுதான் காலியாக் கெடந்திச்சு. இப்ப இந்த வருசத்து ஜூன் பத்தொன்பதும் காலியாக் கெடக்கே. நேத்து மாதிரி இருக்கு, நம்ம எல்லாரும் இங்கதான் பிரியாணி தின்னோம். சனிக்கெழமதான?"

"ஞாயித்துக்கெழம," என்றது அடுப்படி. "கோயில்லருந்து நேரா வந்துல்லா எல சுத்தம் பண்ணினேன்."

"செவ்வாய்," என்றான் டேவிட்சன்.

"நீ சொல்லும்மா," என்றார் அண்ணாச்சி. "நீதான் எதுலயும் நெசம் பேசுறவ. அன்னைக்கு என்ன கெழம?"

"வியாழக்கிழமை அண்ணாச்சி," என்றாள் பெனிட்டா.

யோசிக்கவே இல்லை. சொன்ன பிறகுதான் அது அவளுக்கே கேட்டது. அண்ணாச்சி அவளைப் பார்த்தார், பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார், முதல் தடவையாக அவளை உள்ளூர்க்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "சரி, வியாழன்னா வியாழன்" என்று சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

சுவரைப் பிடித்து நின்றுகொண்டிருந்த ஆரோன் சுவரை விட்டுவிட்டு, ஓரடி எடுத்துவைத்து, அம்மாவைப் பார்த்துத் திரும்பினான். மூச்சை உள்ளே இழுத்தான். பெனிட்டா எழுந்துபோய் அலமாரியைத் திறந்தாள், பிறந்தநாளுக்கு வந்ததில் மிஞ்சியிருந்த ஒரு டப்பாவை எடுத்தாள், முகர்ந்து பார்க்கவில்லை, ஒரு விரல் நிறையப் பால்கோவாவை வழித்து, "ஆ காட்டு தங்கம்" என்றாள்.